மாநாட்டுக்குத் தனியே போன மகளுக்கு

மகள்,

இன்று காலை கல்முனைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, பக்கத்துத் தெரு ஹம்சியா ராத்தா என் தோளைத் தட்டினார். "உங்கட மகள் திரும்பவும் மாநாட்டுக்குப் பெய்த்தாவாமே, இந்த முறை நீங்க போகல்லயா?" என்று கேட்டார். "இல்ல ராத்தா, இந்த முறை அவ தனியத்தான் பெய்த்தா" என்றேன். என் முகத்தில் கவலையைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை போல. பிறகு, இவ்வளவு நாளும் கேட்க வெட்கப்பட்டு வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்: "அப்ப அந்த மாநாடு எண்டு சொல்றது என்னகா? கட்சி மாநாடா?"

நம் ஊரில் மாநாடு என்றால் கட்சி, இல்லாவிட்டால் மார்க்கம். மூன்றாவது ஒன்று இருக்கிறது என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒருவரிடம் படிப்பு விசயம் என்றேன். இன்னொருவரிடம் கம்பியூட்டர்காரர்கள் கூடுகிற இடம் என்றேன். உன் மாமியிடம் தொழில் விசயம் என்று சொல்லி வைத்தேன். ஒவ்வொரு முறையும் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கும். அதனால்தான் மீனைத் தூக்கிக்கொண்டு வரும் வழியிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் மூடி ஒட்டப் போவதில்லை. கேட்கிறவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும். நாம் இரண்டு பேரும் வீட்டில் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்றும் இதில் வரும். உன் வாப்பா கோபிக்க மாட்டார். உன் மாமி ஒரு பின்னேரம் கோபிப்பார், பிறகு பேரன் ஹாதியைப் பார்த்ததும் மறந்துவிடுவார்.

உன் தொழில் எனக்கு விளங்கியதே உன் வாப்பாவால்தான். நீ பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொழும்புக் கொம்பனிக்கு வேலை செய்வாய். போனில் வருகிற பக்கங்களை வரைகிறாய் என்று மட்டும் தெரியும். போன் பக்கத்தை வரைவதற்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்று மனதுக்குள் நினைத்ததும் உண்டு. ஒரு நாள் உன் வாப்பா வயல் வட்டையில் இருந்து வந்த கையோடு, சேற்றுக் காலுடன் வாசலில் நின்று, போனைத் தூரப் பிடித்துப் பார்த்துக்கொண்டு, "மகள், செலு எண்டா என்ன?" என்று கேட்டார். போனிலேயே கரண்ட் பில் கட்டப் பார்த்தாராம். பொத்தானில் 'செலு' என்று இருக்கிறதாம். அழுத்தினால் ஏதும் நடந்துவிடுமோ என்று பயந்து வீடு வரைக்கும் பொத்திக் கொண்டு வந்திருக்கிறார். நீ வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். 'செலுத்துக' என்ற சொல்லைப் பொத்தான் பாதியில் வெட்டிவிட்டது. ஆங்கிலச் சொல்லின் அளவுக்குத் தைத்த சட்டைக்குள் தமிழ்ச் சொல்லைத் திணித்தால் கை வெளியேதானே நிற்கும். சிரித்து முடிந்ததும் அந்தப் பொத்தானைப் படம் எடுத்து வைத்தாய். பிறகு அறைக்குள் போய் ஒரு கட்டுரை எழுதினாய். அதை எங்கேயோ வாசித்த கோலாலம்பூர் மாநாட்டுக்காரர்கள், வந்து இதை எங்கள் மேடையில் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

அப்போது ஹாதிக்கு ஐந்து மாதம். மருமகன் கட்டாரில் வேலையில். பிள்ளை போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்புவான், வாயில் வைத்தால் துப்புவான். நீ சமையலறை வாசலில் நின்று, "ஏலாது எண்டு எழுதிட்டன் உம்மா" என்றாய். குரலில் ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அனுப்பிட்டியா?"

"இன்னம் அனுப்பல்ல."

"அப்ப அனுப்பாத. நானும் வாறன். நீ மேடையில நில்லு, நான் புள்ளயோட கீழ நிக்கன்."

மகள், இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் சின்ன வயதில் நினைத்தது நடக்காமல் போய், அதை உன்னைக் கொண்டு தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் படித்தேன், படிப்பித்தேன், ஓய்வு பெற்றேன். விமானம் ஏற வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. பிள்ளை போத்தல் குடிக்கவில்லை. அதுதான் காரணம். பெரிய முடிவுகளுக்குப் பின்னால் பெரிய காரணம் தேட வேண்டாம் என்று உனக்கும் சொல்லி வைக்கிறேன். யாராவது அழைத்து, போக முடியுமா என்று யோசிக்கும்போது, முதலில் வழியில் கிடக்கிற கல் எது என்று பார். ஒரு கல்லாக இருந்தால் யாராவது ஒருவர் தூக்கிவிடலாம்.

உன் மாமி வந்தது உனக்கு நினைவிருக்கும். சம்மதம் கேட்க நாம் போகும் முன்பே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. கதிரையில் இருக்கக்கூட இல்லை. "பச்சப் புள்ளய பிளேனில கொண்டு போறதா மைனி? காதடைச்சுக் கத்தும். அங்க போய் ஒரு காய்ச்சல் கீய்ச்சல் வந்தா யாரக் கூப்பிடுற? என்ட மகன் தூரத்தில இருந்து கிடந்து தவிப்பான்" என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதெல்லாம் என் பயமும்தான். ஆனால் என் வாயில் வேறு வந்தது. "ஒங்கட பேரன என்ட மடியில வச்சித்தான் கொண்டு போவன் மைனி. திரும்பி வரும் வரைக்கும் மடியால இறக்க மாட்டன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் லேஞ்சித் துணியில் வசம்பும் கருஞ்சீரகமும் முடிந்து கொடுத்துவிட்டார். அதுதான் அவருடைய சம்மதம். உன் வாப்பாவோ பஸ் ஏற்றிவிடும்போது, "என்னப் பத்தி யோசிக்க வேணாம், நான் கடையில பாண் வாங்கித் திண்டுக்கிருப்பன்" என்று சொல்லி நம் மனதைக் கலங்கவைத்தார். பிறகு பார்த்தால் அந்த நாட்களில் மாறி மாறி எல்லார் வீட்டிலும் மாட்டிறைச்சி ஆணம் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த மண்டபத்தை நான் மறக்க மாட்டேன். வாசலில் எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை மாட்டினார்கள். எனக்கும் ஒன்று தந்தார்கள், பேச்சாளரின் விருந்தினர் என்று போட்டு. ஹாதியின் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அவன் அதைப் பிய்த்து வாயில் போட்டான். எங்கு பார்த்தாலும் உன் வயதுப் பிள்ளைகள். சுவர் ஓரமாக, போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு தரையில் இருக்கிறார்கள். ஒருவர் அருகில் வந்தால் முகத்தைப் பார்க்கும் முன் நெஞ்சில் தொங்குகிற அட்டையைப் பார்க்கிறார்கள். பெரிய கொம்பனிப் பெயர் இருந்தால் முகத்தில் வெளிச்சம் வருகிறது, இல்லாவிட்டால் மெல்ல நகர்கிறார்கள். எல்லாரும் அப்படி இல்லை, ஆனால் கண்டேன். நீ இப்போது போகிற இடத்திலும் அது இருக்கும். உன் அட்டையைப் பார்த்து நகர்கிறவரை நினைத்து வருந்தாதே. நீ மட்டும் முதலில் முகத்தைப் பார். மேடையில் இருந்து இறங்கும்போது ஓரத்தில் தனியாக நிற்கிற பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும், அதனிடம் போய்க் கதை.

நீ கதைக்க வேண்டியது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு. கீழேயுள்ள தொழுகை அறையில் தொழுதுவிட்டு, ஹாதிக்குப் பால் கொடுத்து, அவனை என்னிடம் தந்தாய். தாய்மாருக்கென்று மேல் மாடியில் ஒரு அறை இருந்தது. அவனை அங்கே கொண்டுபோய் உறங்கவைக்கிறேன், நீ தொடங்கும்போது எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். நீ மேடைக்குப் பின்னால் போனாய். நான் மின்தூக்கியில் ஏறி மேலே போனேன். அறையில் வேறு யாரும் இல்லை. குளிரூட்டி மெல்ல ஊதியது. அவனை மடியில் போட்டு, காலை ஆட்டி, எனக்குத் தெரிந்த பைத்துப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கண் செருகிவிட்டது அவனுக்கு.

அப்போதுதான் அந்த மணி அடித்தது. மணி என்று சொன்னால் போதாது, சுவரெல்லாம் கத்தியது. பிறகு ஒரு ஆணின் குரல், முதலில் மலாயில், பிறகு ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கிலம் விளங்கும், நீ அறிவாய். அன்று ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். பை அங்கேயே, போன் அதற்குள், சப்பாத்து கதவடியில். வெளியே நடைபாதையில் ஒரு மனிதரும் இல்லை. மின்தூக்கியின் பொத்தானை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், அது வெளிச்சம் காட்டவில்லை. எங்கேயோ கருகின வாசம் வேறு.

ஓடி வந்தது ஒரு பெண். அந்த மண்டபத்தின் சீருடையில், கையில் பெரிய சாவிக் கொத்துடன். என் முக்காட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "அம்மா, தமிழா?" என்றார். அந்தக் கணத்தில் அந்த ஒரு சொல் எனக்கு என்னவாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. "ஓம், ஓம்" என்றேன். "லிப்டு வேணாம்மா, அது நின்னுரும். படியில போலாம். பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்குங்க, நான் உங்கள பிடிச்சுக்கறேன். பயப்படாதீங்க" என்றார். என் முழங்கையைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறக்கினார். என் கால் வெறுங்கால். ஹாதி கத்துகிறான், மணி கத்துகிறது. அவர் மட்டும் சந்தைக்குப் போகிற மாதிரி, "இதோ, இன்னும் ஒரு மாடி, அவ்வளவுதான்" என்று கதைத்துக்கொண்டே வந்தார். அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. துஆவில் இன்றைக்கும் 'சாவிக் கொத்துப் பிள்ளை' என்றுதான் சொல்கிறேன். அல்லாஹ்வுக்கு விளங்கும்.

நாங்கள் வெளியே வந்தது கட்டடத்தின் பின்பக்கம், லொறிகள் சாமான் இறக்குகிற இடம். சனம் எல்லாம் முன்பக்கம். "மகள் உள்ளே மேடையில நிண்டவ" என்றேன். "எல்லாரும் வெளிய வந்திருப்பாங்கம்மா. வாங்க, சுத்திப் போவோம்" என்றார். உன் இலக்கத்தைச் சொல்லச் சொல்லித் தன் போனை எடுத்தார். ஒவ்வொரு நாளும் அழைக்கிற இலக்கம், அன்று வாயில் வரவில்லை. வெயிலில், சூடேறின கொங்கிரீட்டில், அந்தப் பெரிய கட்டடத்தைச் சுற்றி நடந்தோம். அவர் தன் செருப்பைக் கழற்றி எனக்குத் தந்தார்.

முன்பக்கத்தில் நீ இருந்த கோலத்தைச் சொல்கிறேன், உனக்குத் தெரியாது. உன் முக்காட்டில் மைக் குத்தியபடி, அதன் வயர் முதுகில் தொங்க, கதவை மறித்து நிற்கிற காவல்காரர்கள் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டிருந்தாய். ஆங்கிலத்தில் தொடங்கி, தமிழில் கத்திக்கொண்டிருந்தாய். "உடுங்க! என்ட புள்ள மேல! என்ட உம்மா மேல!" நீ சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதே இல்லை. "மகள்!" என்றேன். மணிச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. இன்னும் கிட்ட வந்து உன் முதுகைத் தொட்டேன். திரும்பினாய். பிள்ளையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், என் தோளில் கையால் அடித்தாய். "எங்க பெய்த்தீங்க உம்மா? எங்க பெய்த்தீங்க?"

மகள், இந்தக் கேள்வியை நீ என்னிடம் அதற்கு முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறாய். கடல் வந்த அன்று, அந்தச் சுனாமி நாளில், உனக்கு ஏழு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை, நீ குர்ஆன் ஓதப் போயிருந்தாய். நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். சனம் கத்திக்கொண்டு ஓடிவந்தபோது நான் மற்றவர்கள் ஓடாத பக்கம் ஓடினேன், ஓதுகிற பள்ளியைப் பார்த்து. பாதி வழியில் தண்ணீர் என்னைத் தூக்கி ஒரு வேலிக்குள் போட்டுவிட்டது. எழுந்து பார்த்தபோது பள்ளியின் சுவர் மட்டும் இருந்தது. அன்று பகல் முழுவதும் உன் வாப்பாவும் நானும் ஒவ்வொரு இடமாகப் போனோம். சொல்லக்கூடாத இடங்களுக்கும் போனோம். என் தங்கையை, உன் சாச்சியை, அன்று இழந்தோம். அஸர் தொழுகை நேரம் தாண்டித்தான் சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் உன்னைக் கண்டேன். ஓதித் தருகிற லெப்பை பிள்ளைகளை எல்லாம் வயல் வரம்பால் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்கிறார். யாரோ தந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாய். என்னைக் கண்டு அழவும் இல்லை. காணாமல் போனது நான்தான் என்பது மாதிரி, கோபமாக, "எங்க பெய்த்தீங்க உம்மா?" என்றாய்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று உனக்கே தெரியும். வகுப்புச் சுற்றுலாவுக்கு விடவில்லை. மொறட்டுவைக்குப் படிக்க விட்டேன், ஆனால் காலையும் பகலும் மாலையும் அழைத்தேன். நீ எடுக்காவிட்டால் உன் அறைத்தோழியை அழைத்தேன். அந்தப் பிள்ளை ஒரு முறை, நீ கட்டிலில் உறங்குவதைப் படம் எடுத்து அனுப்பி, "அன்ரி, இந்தா இருக்கிறா உங்கட மகள், இனி நானும் உறங்கட்டா?" என்று கேட்டது. நீ என்னுடன் ஒரு கிழமை கதைக்கவில்லை. நான் ஏன் இப்படி என்று நானும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அந்த நாளைப் பற்றி நம் வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

சரி, கோலாலம்பூருக்கு வருகிறேன். தீ ஒன்றும் இல்லை. சமையல் பகுதியில் எதையோ கருகவிட்டு, புகை போய் மணியைத் தொட்டுவிட்டது. எல்லாரும் திரும்ப உள்ளே போகத் தொடங்கினார்கள். நீ நடைபாதை ஓரக் கட்டின் மேல் இருந்து, சால்வைக்குள் பிள்ளையை வைத்துப் பால் கொடுத்தாய். மாநாட்டை நடத்துகிற தாடி வைத்த பையன் வந்து, முழங்காலில் குந்தி, "உங்களுக்கு ஏலாவிட்டால் விட்டுவிடலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்" என்றான். நல்ல பிள்ளை. நீ என்னைப் பார்த்தாய். "எனக்கு ஏலாது உம்மா. ரூமுக்குப் போவம்."

என் மனமும் அதைத்தான் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன். உன்னையும் பிள்ளையையும் அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, விமானம் வரும் வரைக்கும் கதவடியில் இருந்திருப்பேன். ஆனால் நீ 'ஏலாது' என்று சொன்ன குரல், சமையலறை வாசலில் நின்று சொன்ன அதே குரல். அதில் ஒன்றும் இல்லை.

"கடைசிக் கதிரை எங்க இருக்கு, கதவுக்குக் கிட்ட?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு?"

"நான் அதில இரிக்கன். புள்ள என்ட மடியில. நீ மேடையில நிண்டு பாத்தா எங்கள் ரெண்டு பேரையும் காணலாம்தானே?"

"அவன் அழுதா?"

"அழுதா கதவுக்கு வெளிய நிப்பன். அதுக்கங்கால ஒரு அடி வைக்க மாட்டன்."

நீ கொஞ்ச நேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாய். பிறகு மூக்கைச் சிந்தி, முக்காட்டைச் சரிசெய்து, தாடிக்காரப் பையனிடம் மைக் இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டாய்.

நீ தொடங்கியது நன்றாக இல்லை. அதை மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். ஒரு வசனத்தை இரண்டு தரம் சொன்னாய். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை கடைசிக் கதிரையைப் பார்த்தாய், நானும் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினேன். பிறகு அந்தப் பெரிய திரையில், வீட்டுச் சுவர் அளவுக்கு, ஒரு பொத்தான் வந்தது. அதில் 'செலு' என்று இருந்தது.

மகள், அந்த மண்டபத்தில் அதுவரைக்கும் நான் கண்டதெல்லாம் மற்றவர்களுடைய எழுத்து. திடீரென்று நம்முடைய எழுத்து, அதுவும் உன் வாப்பா சேற்றுக் காலுடன் தூக்கிக்கொண்டு வந்த எழுத்து, அவ்வளவு பெரிதாக நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். முழு மண்டபமும் திரும்பிப் பார்த்தது. நீயும் பார்த்தாய், பிறகு நீயும் சிரித்தாய். "அங்கே சிரிக்கிறவர் என் தாய். இந்தப் பொத்தானை அழுத்தப் பயந்தவர் என் தகப்பன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நம்மைப் பார்த்து இல்லை, நம்மோடு சேர்ந்து. அதற்குப் பிறகு நீ கடைசிக் கதிரையைப் பார்க்கவே இல்லை. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், நீ பார்க்கவில்லை. என்னை ஒருவர் கவனிக்காமல் விட்டது அவ்வளவு நிம்மதியாக எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை.

முடிந்ததும் உன்னைச் சுற்றி நின்றவர்களில் பர்மாக்காரப் பிள்ளை ஒன்று இருந்தது. தங்கள் எழுத்துக்களும் இப்படித்தான் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன, தன் தாய்க்கும் இதே கதைதான் என்று போனைத் திறந்து காட்டியது. நீங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட நின்று கதைத்ததைப் பார்த்தபோது, எனக்குள் இருந்த இன்னொரு பயமும் போனது. இந்த மேடைகள் உன்னை எங்கள் வாசலில் இருந்து தூரமாக்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அங்கே போய் நீ கதைத்தது உன் வாப்பாவைப் பற்றித்தானே.

அன்று மாலை அறைக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டியும் மீன் ஆணமும் சாப்பிட்டோம். ஹாதி என் மடியில், சொன்ன வாக்கின்படி. நீ ரொட்டியைப் பிய்த்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டாய்.

"உம்மா, கடல் வந்த அண்டைக்கு, பின்னேரம் வரைக்கும் நீங்க நான் இண்டைக்கு நிண்ட மாதிரியா இருந்தீங்க?"

"ஓம் மகள்."

"பின்னேரம் வரைக்குமா?"

"ஓம்."

நீ என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாய். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாற்றம் கண்டேன். நீ வெளியே போயிருக்கும்போது நான் அழைத்தால் எரிச்சல்படாமல் எடுத்தாய். நீ எடுப்பாய் என்று தெரிந்ததும் எனக்கு அழைக்க வேண்டும் என்ற எண்ணமே குறைந்துவிட்டது. மணி அடித்த கதையை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று நாம் பஸ்ஸிலேயே பேசி முடித்திருந்தோம். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? மைனி, நீங்கள் இதை வாசிக்கிறீர்கள் என்றால், உங்கள் பேரனை நான் மடியால் இறக்கவே இல்லை. ஒரு மாடிக்கட்டடத்தின் படியெல்லாம் இறங்கும்போதும்.

இப்போது நீ ஜப்பானுக்குப் போயிருக்கிறாய். ஹாதி சோறு தின்கிறான், ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறான், உம்மா எங்கே என்றால் வானத்தைக் காட்டுகிறான். மருமகன் லீவில் வந்து நிற்கிறான், தகப்பனும் மகனும் ஒரே பாயில் கிடந்து சத்தம் போடுகிறார்கள். நீ கிளம்பும்போது, "உம்மா, நீங்களும் வாங்களன்" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டாய். "எனக்கு அந்தக் குளிர் ஏலாது" என்று நானும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். இரண்டு பேருக்கும் விளங்கியது.

தனியே போனவளுக்குச் சில வார்த்தை. மேடை ஏறும் முன் எதையாவது சாப்பிடு, வெறும் வயிறு குரலைக் கெடுக்கும். பயணத்தில் தொழுகையைச் சுருக்கலாம் என்று மார்க்கமே இலேசாக்கித் தந்திருக்கிறது. நீயாக எதையும் பாரமாக்கிக்கொள்ளாதே. முக்காடு போட்ட பெண் ஒருத்தி வேண்டும் என்பதற்காக மட்டும் உன்னை ஒரு இடத்துக்கு அழைத்தால், அது உனக்குத் தெரியவரும். அங்கே போகாதே. உன் பேச்சுக்காக அழைத்தால் போ. எல்லா அழைப்புக்கும் ஓம் சொல்லாதே, மேடையிலேயே நின்றால் வேலை எப்போது செய்வாய்? வந்த பிறகு நம் ஊர் மகளிர் கல்லூரிப் பிள்ளைகளிடமும் ஒரு நாள் போய்க் கதை. அவர்கள் கழுத்தில் அட்டை இருக்காது, ஆனால் கேள்வி நிறைய இருக்கும். தங்குகிற இடத்தில் வெளியே போகிற படி எந்தப் பக்கம் என்று முதலிலேயே பார்த்து வை. அதை மட்டும் எனக்காகச் செய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் விமானம் ஏறுகிற நேரம் நான் பகல் ளுஹர் தொழுதுவிட்டு, கொஞ்சம் சாய்வோம் என்று பாயில் படுத்தேன். உன் வாப்பா வந்து எழுப்பும்போது பின்னேர அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். இரவும் அப்படித்தான். இன்று விடிய எழுந்து போனைத் தேடினேன், எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கடைசியில் அரிசி வாளிக்கு மேல் கிடந்தது. 'வந்து சேர்ந்திட்டன் உம்மா' என்று நீ அனுப்பி எவ்வளவோ நேரமாகியிருந்தது. மகள், நீ போய்ச் சேர்ந்தபோது நான் நல்ல உறக்கத்தில் இருந்தேன்.

உன் உம்மா